பேக்கப்புக்குப் பாதி இடம் போதுமா?

"கணினியில் 400 ஜிபி இருந்தால் பேக்கப்புக்கு 200 ஜிபி போதும், மென்பொருளே பாதியாகச் சுருக்கிவிடும்." கோலாலம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

நன்றாகச் சுருங்குவது வெறும் எழுத்துக் கோப்பு, தரவுத்தளம் போன்றவைதான். ஜேபெக் படமும் எம்பி4 காணொளியும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த கரும்பை மறுபடி மெஷினில் விட்டால் என்ன சாறு வரும்?

பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். இருப்பது 400 ஜிபி. தினமும் 5 ஜிபி புதிதாகச் சேர்கிறது. மாதம் ஒரு முழு நகல், பிறகு 30 நாளும் அன்றன்று மாறியதை மட்டும் எடுத்தால் 400 + 150, ஆக ஒரு தொகுப்புக்கு 550 ஜிபி. அடுத்த மாத முழு நகலே 550 ஜிபி ஆகிவிடும். அது பத்திரமாக முடியும்வரை பழைய தொகுப்பை அழிக்கக் கூடாது; பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த ஒரு நாளுக்கே 1,100 ஜிபி வேண்டும்.

"முழு நகலுக்குப் பின் மாறிய அனைத்தும்" என்ற முறையைத் தேர்ந்து, ஒவ்வொரு நாள் நகலையும் வைத்திருந்தால் இன்னும் மோசம்: 5, 10, 15 என ஏறி, 30 நாளில் அவை மட்டுமே 2,325 ஜிபி.

1 டிபி டிஸ்க் வாங்கினாலும் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு. மேக் கணினியோடு வரும் பேக்கப் மென்பொருளான டைம் மெஷினுக்கு ஆப்பிளே சொல்வது, மேக்கின் கொள்ளளவைப் போல் குறைந்தது இரு மடங்கு.