போறணையில் எரிந்ததும் விறகுதான்

எங்கள் ஒழுங்கைப் பீட்சாக் கடையைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அங்கே மாவை ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் புளிக்க விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான வேலை. யாழ்ப்பாண வெயிலில் வெளியே வைத்தால் சட்டியை விட்டுப் பொங்கி வழிந்துவிடும். வீட்டில் செய்து கெடுத்தவன் சொல்கிறேன். ஆனால் விறகு அடுப்பைப் புதுமை என்றதுதான் இடித்தது. அப்பாவோடு விடியப்புறம் பாண் வாங்கப் போன போறணையில், அதாவது பாண் சுடும் அடுப்பில், எரிந்ததும் விறகுதானே? வித்தியாசம் சூட்டில். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர முறையில் 430 பாகை செல்சியசுக்கு மேல் எரியவிட்டு, 90 செக்கனுக்குள் பீட்சாவை வெளியே எடுத்துவிடுவார்கள். பாணுக்கு அந்தச் சூடு கொடுத்தால் மேலே கரி, உள்ளே பச்சை மா. அப்புறம், அந்தக் கணவாய்ப் பீட்சாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? செத்தல் மிளகாய் இடித்துத் தூவித் தருவார்கள், விளிம்பைக்கூட மிச்சம் வைக்க மனம் வராது.