அந்தப் பையனின் பெயர் என்ன?

சென்ற ஞாயிற்றுக்கிழமை, நகரின் தென்பகுதியில் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். வில்லியம் கோல்டிங் 1954-இல் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ (ஈக்களின் அதிபதி) நாவலைப் பற்றிய கூட்டம் அது. போர்க்காலத்தில் விமானம் விழுந்து ஆளில்லாத் தீவொன்றில் மாட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவர்கள் படிப்படியாகக் கொலைகாரர்களாக மாறும் கதை. கலந்துரையாடலின்போது நன்கு படித்த ஒருவர் எழுந்து, “இங்கிலீஷ் பசங்களுக்கே இவ்வளவு நாள் ஆச்சு. நம்ம வியாசர்பாடி, காசிமேட்டுப் பசங்களை விட்டிருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பாங்க” என்றார். அரங்கம் முழுவதும் சிரித்தது. நான் பிறந்து வளர்ந்தது வடசென்னையின் மீனவர் பகுதியான அந்தக் காசிமேட்டில். அன்று தொண்டை அடைத்துச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சிரிப்பு நாவலுக்கு வெளியே இருந்து வந்ததன்று. அது முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. தீவில் முதலில் சந்திக்கும் இருவரில் ஒருவன் கடற்படை அதிகாரியின் மகன் ரால்ஃப். மற்றவன் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் அத்தையிடம் வளர்ந்த, ஆஸ்துமா உள்ள, தடித்த கண்ணாடி போட்ட பையன். அவனுடைய ஆங்கிலம் மட்டும் மற்றவர்களுடையதைப் போல் இல்லை. அது உழைக்கும் மக்களின் கொச்சை. பள்ளியில் தன்னை ‘பிக்கி’, அதாவது பன்றிக்குட்டி, என்று கூப்பிட்டார்கள் என்பதை அவன் ரால்ஃபிடம் நம்பிச் சொல்கிறான். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சவும் செய்கிறான். எல்லாரும் கூடிய முதல் கூட்டத்திலேயே ரால்ஃப் அதைப் போட்டு உடைக்கிறான். சிறுவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த ஒரு கணத்தில் அவனைத் தவிர மற்ற அனைவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். வேட்டையும் முகச்சாயமும் கூர்தீட்டிய ஈட்டியும் பிறகுதான் வருகின்றன. கோல்டிங் காட்டும் வீழ்ச்சி இந்தச் சிரிப்பில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரியில் முதல் வாரத்தில் ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொன்னபோது என் வாயிலிருந்து ‘என்ன’ என்பதற்கு எங்கள் பகுதியில் சொல்லும் ‘இன்னா’ வந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. சொன்ன பதில் சரியா தவறா என்று யாரும் கேட்கவில்லை. அன்று முதல் மூன்று ஆண்டுகள் என் பெயர் ‘காசிமேடு’. ஆகவே பிக்கியைப் படிக்கும்போது எனக்கு அவன் ஒரு குறியீடாக மட்டும் தெரிவதில்லை.

இந்த நாவலின் குறியீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் சங்கு சட்டம், கண்ணாடி அறிவு, தீ நம்பிக்கை என்று வாய்பாடுபோல் ஒப்பித்துவிடுகிறார்கள். கூட்டம் கூட்ட ஊதுகிற, கையில் வைத்திருப்பவனுக்கே பேசும் உரிமை தருகிற அந்தச் சங்கை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நீருக்குள் கிடப்பது சங்கு என்று அறிந்தவனும், அதை எப்படி ஊதுவது என்று சொல்லிக்கொடுத்தவனும் பிக்கிதான். ஆஸ்துமா இருப்பதால் அவனால் ஊத முடியாது. ரால்ஃப் ஊதுகிறான், ரால்ஃபே தலைவனாகிறான். வடசென்னையில் பழைய ஆட்களுக்குச் சங்கு என்றால் வேலைக்குக் கூப்பிடும் ஆலைச் சங்கு. எல்லாருக்கும் அது சாவு வீட்டில் ஊதும் சங்கு. இரண்டிலும் அதன் வலிமை கேட்டவர்கள் கட்டுப்படுவதில் இருக்கிறதே தவிர ஊதும் பொருளில் இல்லை. ‘சங்கு சுட்டாலும் வெண்மை தரும்’ என்று மேன்மக்களுக்கு ஒளவை உவமை சொன்னாள். கோல்டிங்கின் சங்கும் நாளாக ஆக வெளுக்கிறது. ஆனால் அந்த வெண்மை மேன்மையின் அடையாளமன்று. காற்றும் வெயிலும் பட்டு அதன் இளஞ்சிவப்பும் மஞ்சளும் போய், ஊடுருவித் தெரியும் அளவுக்கு நிறம் வற்றிப்போகிறது. அதைக் கடைசிவரை நம்பிக் கையில் ஏந்தி நிற்கிறவனும் பிக்கிதான்.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு காட்சி. ரோஜர் என்னும் பையன், மணலில் விளையாடும் ஹென்ரி என்னும் சிறுவனை நோக்கிக் கல்லெறிகிறான். ஆனால் மேலே படாமல் எறிகிறான். சிறுவனைச் சுற்றி ஏறக்குறைய ஆறு கஜ அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கிறது. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து போட்ட அந்த வட்டத்துக்குள் கல்லெறிய அவன் கை துணியவில்லை. இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே அத்தியாயத்தில் வேட்டைக்காரர்களின் தலைவனான ஜாக், பிக்கியின் வயிற்றில் குத்தித் தலையில் அறைகிறான். கண்ணாடியின் ஒரு வில்லை உடைகிறது. பிக்கியைச் சுற்றி எந்த வட்டமும் இல்லை, இங்கிலாந்திலும் இருந்திருக்காது. அவன் கண்ணாடியை முதல் நாளே கேட்காமல் பிடுங்கித்தான் தீ மூட்டினார்கள். (கிட்டப்பார்வைக் கண்ணாடி சூரிய ஒளியைக் குவிக்காது என்று இயற்பியல் படித்தவர்கள் சுட்டுவது சரியே, ஆனாலும் ஏளனம் செய்யப்படுகிறவனின் கண்ணால்தான் எல்லாருடைய அடுப்பும் எரிகிறது என்னும் உண்மையை அந்தப் பிழை கெடுப்பதில்லை.)

‘காட்டுமிராண்டி’ என்ற நம் சொல்லே பழியைக் காட்டின்மேல் போடுகிறது. இந்த நாவலில் காடு யாரையும் கெடுக்கவில்லை. அடர்ந்த காட்டுக்குள் தனியாகப் போய் உட்காருகிறவன் சைமன். அவனே எல்லாரிலும் மென்மையானவன். மலைமேல் இருப்பது விலங்கன்று, பெரியவர்களின் போரில் செத்து விழுந்த பாராசூட் வீரனின் பிணம் என்று கண்டறிந்து சொல்ல வருகிறவனும் அவன்தான். இருட்டில் ஆடும் கூட்டம் அவனையே விலங்கென்று அடித்துக் கொல்கிறது. கொலைக்குத் தலைமை தாங்கியவர்கள் கறுப்பு அங்கியில் வரிசையாக நடந்து வந்த தேவாலயப் பாடகர் குழுவினர். ‘நான் பாடகர்களுக்குத் தலைவன், உச்ச ஸ்தாயியில் பாடுவேன், ஆகவே நானே தலைவன்’ என்று வாதிட்டவன் ஜாக். சேரியிலிருந்தோ மீனவர் குப்பத்திலிருந்தோ வந்தவன் ஒருவன்கூட அந்தக் குழுவில் இல்லை.

நிஜ வாழ்வில், 1965-இல் பசிபிக் தீவு நாடான டோங்காவின் சிறுவர்கள் 6 பேர் படகு தத்தளித்து ‘அட்டா’ என்னும் தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதங்கள் கழித்து மீட்கப்பட்டபோது அவர்கள் மூட்டிய தீ அணையாமல் இருந்தது, கால் முறிந்த ஒருவனை மற்றவர்கள் கட்டுப்போட்டுத் தேற்றியிருந்தார்கள். எஞ்சின் நின்றுபோன விசைப்படகில் குடிநீரை மூடியால் அளந்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கரைசேர்ந்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அன்று சிரித்தவர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

பிக்கியின் சாவை கோல்டிங் மிகக் குறைந்த சொற்களில் எழுதுகிறார். மேலிருந்து ரோஜர் நெம்பித் தள்ளிய பாறை அவனை அடித்துக் கீழே வீழ்த்துகிறது, கையிலிருந்த சங்கு ஆயிரம் துண்டுகளாகச் சிதறுகிறது, அவனுடைய கைகால்கள் கொன்ற பன்றியின் கால்களைப் போலச் சற்றே துடிக்கின்றன. முதல் நாள் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் இப்போது உடம்பில் நிறைவேறுகிறது. வேட்டைப் பாட்டும், கம்பில் செருகிய பன்றித் தலையும், அதை மொய்க்கும் ஈக்களும் அந்தப் பெயரிலிருந்தே கிளைத்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாருடைய பெயரையும் கேட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்து சொல்லிவந்தவன் பிக்கி. யாரும் கேட்கவில்லை. முதல் தீயில் காணாமல் போன, முகத்தில் மச்சமுள்ள சிறுவனின் பெயர்கூட எவருக்கும் தெரியாது. இறுதியில் வெள்ளைச் சீருடையில் கரையிறங்கும் கடற்படை அதிகாரி ‘மொத்தம் எத்தனை பேர்?’ என்று கேட்கும்போது ரால்ஃப் தலையை மட்டும் அசைக்கிறான். பிறகு வாய்விட்டு அழுகிறான். உண்மையான, அறிவுள்ள நண்பனை இழந்ததற்காக அவன் அழும் அந்தக் கடைசி வரிகளிலும் நண்பனின் பெயர் பிக்கி என்றே இருக்கிறது. தன் பெயரைக் கேட்பான் என்று அந்தப் பையன் முதல் பக்கங்களில் காத்து நின்றான். ரால்ஃப் கேட்கவே இல்லை.