வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு திருத்தம்

அண்ணா, பழைய தறி ஷெட் கூரையைப் பிரிப்பது பற்றி நீங்க எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்தணுமுங்க. "சிமெண்ட் ஷீட்டில் இருப்பது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், நீலமும் பழுப்பும்தான் ஆபத்து, இதை உடைத்தே இறக்கலாம்" என்பது உங்கள் கருத்து. ஆஸ்பெஸ்டாஸ் என்பது சிமெண்டோடு கலக்கும் ஒரு கனிம நார்; வெள்ளை, நீலம், பழுப்பு எல்லாம் அதன் வகைகள். ஷீட்டில் பெரும்பாலும் வெள்ளைதான், அது சரி. ஆனால் வெள்ளையும் புற்றுநோய் தருவதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் வைத்திருக்கிறது. அந்த முகமையின் இணையப் பட்டியலில் 'கிரைசோடைல்' என்று தேடினால் யாரும் பார்க்கலாம். அதுதான் வெள்ளையின் பெயர்.

உடையாத ஷீட் தலைக்கு மேல் இருப்பதால் உடனே பயப்பட வேண்டியதில்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்குகிறது. நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். அதனால்தான் "எங்கப்பா காலத்திலிருந்து உடைக்கிறோம், ஒன்றும் ஆகலை" என்று சோமனூர், பல்லடம் பக்கம் சொல்வதை ஆதாரமாக எடுக்க முடியாது.

உங்க ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. பரிசோதனை ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களைத் தேடி, இந்தப் பரிசோதனை செய்பவர்களிடம் மாதிரியை எப்படி எடுப்பது என்று முதலில் கேளுங்க. பிரிக்கும் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்க, அண்ணா. தூசியை மூச்சில் இழுப்பது அவங்கதான்.