திரும்பிப் போன மனிதரைப் பற்றி ஒரு பிள்ளை பேசக் கூடாதா?

கடந்த சனிக்கிழமை இங்கே கனடாவில் எங்கள் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் நடந்ததை, மண்டபத்தில் இருந்தவர்களும் அன்றிரவே பரவிய காணொளியைப் பார்த்தவர்களும் அறிவார்கள் என்பதால், அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இரண்டாம் உலகப் போரில் இறந்த கனடிய வான்படை வீரர் அன்ட்ரூ மினார்ஸ்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, "குண்டு போட்டவனுக்குத் தமிழ் மேடையில் புகழாரமா?" என்று கேட்ட ஐயாவை நான் நெடுங்காலமாக மதித்து வருபவன். அதனால்தான் கோபம் ஆறட்டும் என்று பொறுத்திருந்தேன். ஆறவில்லை. அவர் எழுந்த இடம் எது தெரியுமா? எரியும் விமானத்தின் கதவருகே மினார்ஸ்கி வந்து, திரும்பிப் பார்த்த இடம். அந்தப் பிள்ளையை முடிக்க விடாத கதையை இங்கே நான் முடிக்கிறேன்.

1944 ஜூன் 12ஆம் திகதி இரவு. நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் தரையிறங்கி ஆறு நாட்கள்தான் ஆகியிருந்தன. ஜேர்மன் படைகள் அந்தக் கரைக்குப் போய்ச் சேராதபடி தண்டவாளங்களை உடைப்பதற்காக, வட பிரான்சின் கம்பிரே நகரத் தொடருந்துத் தளத்தைத் தாக்க அனுப்பப்பட்ட விமானங்களில் ஒன்று, கனடிய வான்படையின் 419ஆவது அணியைச் சேர்ந்த, லங்காஸ்டர் என்ற வகைக் குண்டுவீச்சு விமானம். ஏழு பேர் அதில் இருந்தார்கள். விமானத்தின் முதுகில் இருந்த துப்பாக்கிக் கூண்டில் மினார்ஸ்கி. வால் நுனியில் இருந்த கூண்டில் அவருடைய நெருங்கிய நண்பர் பாட் பிரோஃபி. பின்னால் கீழிருந்து வந்த ஜேர்மன் போர்விமானம் சுட்டதில் இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் நின்றுபோயின. இறக்கையிலும், இரண்டு கூண்டுகளுக்கும் நடுவிலும் தீ மூண்டது. எல்லாரையும் குதிக்கும்படி விமானி கட்டளையிட்டார். மினார்ஸ்கி தன் கூண்டிலிருந்து இறங்கி வெளியேறும் கதவை நோக்கிப் போனார். குதித்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார். ஆனால் வால் கூண்டில் பிரோஃபி இன்னும் அசையாமல் இருப்பதைக் கண்டார்.

வால் கூண்டைச் சரியான நிலைக்குத் திருப்பினால்தான் அதிலிருந்து வெளியே வர முடியும். திருப்பும் விசை இடப்பக்க இயந்திரம் தந்த எண்ணெய் அழுத்தத்திலிருந்து வந்தது. இயந்திரம் நின்றதும் கூண்டும் இறுகிவிட்டது. கையால் சுற்றும் கருவியோ பிரோஃபி வெளியேற முயன்றபோதே உடைந்துபோயிற்று. மினார்ஸ்கி திரும்பிப் போனார். எரியும் நெருப்புக்கூடாகக் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து போய், தீயணைப்புக் கோடரியால் கூண்டை நெம்பினார். அது அசையாதபோது வெறும் கைகளால் இழுத்தார். அதற்குள் இடுப்புவரை அவருடைய உடையும், கூடவே பரசூட்டும் தீப்பற்றிவிட்டன. இனி ஒன்றும் செய்ய முடியாது, நீயாவது போ என்று பிரோஃபி கைகாட்டினார். மினார்ஸ்கி மனமில்லாமல் கதவுவரை போய், எரிகிற உடையோடு நிமிர்ந்து நின்று, நண்பருக்கு ஒரு சலூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீப்பிடித்த பரசூட்டோடு அவர் இறங்குவதைக் கீழே பிரெஞ்சு மக்கள் கண்டார்கள். அவர்கள் அவரைக் கண்டெடுத்தபோதிலும் காயங்களால் இறந்துபோனார். அவருக்கு அப்போது 27 வயது. வால் கூண்டுக்குள் சிக்கியிருந்த பிரோஃபியோ விமானம் தரையில் மோதியபோது தூக்கி வீசப்பட்டுப் பிழைத்தார். அவர் உயிரோடு வந்து சொன்னதால்தான் இது உலகத்துக்கே தெரியும். 1946இல் மினார்ஸ்கிக்கு, பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டதும் அதன் பின்னர்தான்.

அந்தப் பிள்ளை சொல்ல வந்தது இதைத்தான். ஒரு மனிதர், தான் தப்பிவிடக்கூடிய நேரத்தில், தன் தோழருக்காக நெருப்புக்குள் திரும்பிப் போனார். இதில் எந்த வரி எங்கள் மேடைக்கு ஆகாதது?

"அந்த விமானம் எதற்காகப் பறந்தது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கேட்கிறேன். பிரான்சின் தொடருந்துத் தளங்களுக்கென்று விழுந்த குண்டுகள் பக்கத்து வீடுகளிலும் விழுந்தன. நேச நாடுகளின் குண்டுவீச்சில் பல்லாயிரம் பிரெஞ்சுப் பொதுமக்கள் இறந்தார்கள். 1943 ஜூலையில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் தீப்புயலில் எரிந்தது. 1945 பெப்ரவரியில் அதே நாட்டின் டிரெஸ்டனில் 25,000 பேர் வரை மாண்டார்கள். இவற்றை மறைத்துவிட்டு லங்காஸ்டரைப் புகழ்பவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. 2007இல் ஒட்டாவாவில் உள்ள கனடியப் போர் அருங்காட்சியகம், இந்தக் குண்டுவீச்சின் அறம் பற்றிய சர்ச்சையைக் குறிப்பிட்ட விளக்கப் பலகையை முன்னாள் படைவீரர்களின் எதிர்ப்பால் மாற்றி எழுதியது. அது மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை, இலக்குகளைத் தேர்ந்த தலைமையிடம் கேளுங்கள். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அத்தனை பேருமே அதற்கு முன்வந்து சேர்ந்தவர்கள்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் நெருப்புக்குள் தவழ்ந்து போன ஒருவரை மேடையில் வைத்து அவமதிப்பதால் ஹம்பேர்க்கில் இறந்த ஒரு குழந்தைக்காவது நீதி கிடைத்துவிடுமா?

எனக்கு வலித்தது அடுத்த கேள்வி. "பங்கருக்குள் இருந்து வளர்ந்த நீயா இதைப் பேசுகிறாய்?" என்று நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். ஆம், நான்தான் பேசுகிறேன். இலங்கைப் போர்க்காலத்தில், எங்கள் வீட்டுப் பின்வளவில், பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை போட்டு மூடிய குழிக்குள், "பொம்மர் வருது" என்ற குரல் கேட்டதும் அம்மா என்னை முதலில் தள்ளிவிட்டுத் தான் பிறகு இறங்குவார். மாரியில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். தவளைகள் காலில் ஏறும். விமானம் பதிகிற சத்தத்துக்கும் குண்டு வெடிக்கிற சத்தத்துக்கும் இடையில் இருக்கிற அந்தச் சில நொடிகளை எனக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் 1995 ஜூலை 9ஆம் திகதி தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்ததை நான் மறக்கவுமில்லை, யாரையும் மன்னிக்கச் சொல்லவுமில்லை. இத்தனையும் தெரிந்த நான்தான், ஹமில்டன் விமான அருங்காட்சியகத்தில் மினார்ஸ்கியின் நினைவாக இன்றும் பறக்கும் லங்காஸ்டருக்குள் ஒருமுறை ஏறி, குனிந்து, அந்தக் குறுகிய வழியைப் பார்த்தேன். பட்டப்பகலில், தரையில் நிற்கும் விமானத்துக்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டியது. அப்படியொரு வழியில்தான், இருட்டில், எரிந்துகொண்டே அவர் திரும்பிப் போனார். பொம்மருக்குப் பயந்து வளர்ந்த ஒருவனுக்கு இது புரியக் கூடாது என்று யார் சட்டம் போட்டது?

"வெள்ளைக்காரருக்குச் சிலை வைக்க வெள்ளைக்காரர் இருக்கிறார்கள்" என்று சொல்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மினார்ஸ்கி வின்னிபெக்கில் குடியேறிய போலந்துப் பெற்றோரின் பிள்ளை. 16 வயதில் தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்க உரோமத் தோல் வணிகர் ஒருவரிடம் தோல் வெட்டும் வேலைக்குப் போனவர். இங்கு வந்து இறங்கிய நாளிலேயே தொழிற்சாலை வரிசையில் நின்ற எங்கள் பலருக்கு அந்த வாழ்க்கை அந்நியமாகவா இருக்கிறது? அவர் பறந்த லங்காஸ்டர் செய்யப்பட்டது, இன்று நம்மவர்கள் நிறைந்து வாழும் மிசிசாகாவின் மோல்ட்டனில்.

என் ஆற்றாமை வேறு. இந்த நாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் எங்கள் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்க வேண்டும், எங்கள் கதைகளைப் பொறுமையாக இருந்து கேட்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் மேடை போட்டுக் கேட்கிறோம். அவர்களும் வந்து, விளங்கியும் விளங்காமலும், தலைகுனிந்து நின்று கேட்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, தான் படிக்கும் பள்ளியில் தெரிந்துகொண்ட ஒரு மனிதரைப் பற்றி, திக்கித் திக்கியென்றாலும் தமிழில், எங்களுக்கே சொல்ல வந்தபோது ஐந்து நிமிடம் எங்களால் வாய்மூடி இருக்க முடியவில்லை. இறந்தவர்களுக்காக அழும் உரிமை எங்களுக்கு மட்டும்தான் உண்டு என்று எப்போதிருந்து நினைக்கத் தொடங்கினோம்? அந்தப் பிள்ளையின் தாய் எனக்குத் தொலைபேசியில் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். ஐயா அந்த வீட்டுக்கு ஒருமுறை பேசினால் போதும்.

டிரெஸ்டனில் எரிந்தவர்களுக்காகவும் மினார்ஸ்கிக்காகவும் நான் ஒரே மனத்தோடுதான் அழுவேன். என் அம்மா இறங்கிய குழியை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அதில் முரண் காண்பவர்கள், என்னைத் துரோகி என்று எழுதத் துடிப்பவர்கள், தாராளமாக நட்பிலிருந்து நீக்கிவிட்டுப் போகலாம். ஆனால் போவதற்கு முன் அந்தப் பிள்ளை சொல்ல வந்ததை முழுவதுமாக ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.