அந்தக் கோடு இறங்கவில்லை

நேற்றிலிருந்து அந்தப் படத்தைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். வாராந்திர ஃப்ளூ காய்ச்சல் வரைபடம், கடைசி வாரத்தில் கோடு சரியும் இடத்தில் ஒரு சிவப்பு வட்டம், மேலே "இறங்கிப்போச்சு, இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க?" என்று ஒரு வரி. போட்டது யார் என்று உங்களுக்கே தெரியும். அவர் பதிவிலேயே போய் மரியாதையாக விளக்கினேன். "சம்பளம் வாங்குறவங்க அப்படித்தான் பேசுவாங்க" என்று பதில் வந்தது. சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கோடு இறங்கவில்லை. கணக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஒருவர் காய்ச்சலோடு வந்த நாள் வேறு, அவருடைய சளி மாதிரி ஆய்வகத்துக்குப் போன நாள் வேறு, முடிவு கணினியில் ஏறிய நாள் வேறு. அதனால் கடைசி ஓரிரு வாரக் கணக்கு எப்போதும் அரைகுறைதான். பாக்கிப் படிவங்கள் வர வர, சரிந்த கோடு நிமிரும். ஒரு மாதம் கழித்து இதே வாரத்தை எடுத்துப் பாருங்கள். வட்டம் போட்ட இடத்தில் மேடு இருந்தாலும் இருக்கும்.

ஃப்ளூ ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கச் சில மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் எண்ணுவார்கள். அப்படி ஒரு கண்காணிப்பு மருத்துவமனையில் இரண்டு வருடம் அந்தப் படிவங்களை நிரப்பியவள் நான். 38 டிகிரிக்குக் குறையாத காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் எங்கள் கணக்கில் வருவார். ஒரு முறை கூட்டம் வராந்தா தாண்டி நின்றது. அந்த வாரம் எனக்கும் காய்ச்சல், பக்கத்து மேசைக்காரருக்கும் காய்ச்சல். படிவங்கள் ஒன்பது நாள் இழுப்பறையில் கிடந்தன. வரைபடத்தில் எங்கள் மருத்துவமனைக்குப் பூஜ்யம். எண்ணுகிறவர்களே படுத்துவிட்ட வாரத்தில் நோய் இல்லை என்று காட்டியது அந்தக் கோடு! அன்றைக்கும் ஒருவர் வட்டம் போட்டிருப்பார்.

"எல்லோரையும் எண்ணுவதில்லையே, இது என்ன கணக்கு?" என்பீர்கள். எல்லோரையும் எண்ணுவது இதன் வேலையே இல்லை. அதே இடங்களில், அதே விதமாக, வாராவாரம் எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். "இணையத்தில் எத்தனை பேர் காய்ச்சல் என்று தேடுகிறார்கள் என்று பார்த்தால் போதாதா?" அதையும் செய்து பார்த்தாயிற்று. கூகுள் 2008-இல் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மையான கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொல்லி மாட்டிக்கொண்டது, 2015-இல் நிறுத்திவிட்டார்கள். "அரசாங்கங்கள் மறைக்கும்" என்றால், மறைக்கிற இடமும் உண்டு, அதைக் கேளுங்கள். அதற்காகப் படிவம் நிரப்புகிறவளைத் திட்டாதீர்கள்.

இந்த மாதிரிகள் எங்கே போகின்றன என்றாவது யோசித்தீர்களா? 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பு இவற்றை வைத்துத்தான் எந்த வைரஸ் சுற்றுகிறது என்று பார்க்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் ஃப்ளூ தடுப்பூசியில் எது இருக்க வேண்டும் என்று முடிவாவது அப்படித்தான். பி யமகாட்டா என்ற ஃப்ளூ வைரஸ் வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு சுற்றுவதாக உறுதியாகவில்லை. தடுப்பூசியிலிருந்து அதை எடுத்துவிடலாம் என்று சொல்ல முடிந்ததே, விடாமல் தேடியதால்தான்.

சம்பளம் என்றாரே, அதுதான் ராத்திரி முழுக்கக் குடைந்தது. ஒரு பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. தொண்டையில் குச்சியை விட்டதும் கண் நிறைந்து வழிந்தது. "இதுல எனக்கு மருந்து மாறுமா?" என்று கேட்டார். "இல்லை பாட்டி, இது கணக்குக்கு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அடுத்தது மூக்கு. தானே தலையைப் பின்னால் சாய்த்து, "சீக்கிரம் எடுங்கம்மா, இருமல் வருது" என்றார். குச்சி இளஞ்சிவப்பு திரவத்தில் போனது, குழாயில் பெயர் ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்தோம். அதற்காக அவருக்கு யாரும் ஒரு காசும் கொடுக்கவில்லை.

அந்த மாதிரி கணக்கில் ஏறியது 12 நாள் கழித்து. அதுவரை அவருடைய வாரத்திலும் கோடு சரிந்துதான் இருந்தது.