நம்மூர் கராஜுக்குத் தெரிந்த ரோட்ஸ்டரை வாங்குங்கள்

திருகோணமலையில் பழைய ஐரோப்பிய ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை இப்போது கூடிக்கொண்டு வருகிறது. லண்டனிலும் கனடாவிலும் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள், கொழும்பில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிற பெடியள், உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் போட்டவர்கள் என்று பலர் கேட்கிறார்கள். "அண்ணை, எந்தக் கார் பிறகு நல்ல விலைக்குப் போகும்?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். விலையைப் பிறகு பார்ப்போம். அந்தக் காரின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கை நம்மூரில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் எவ்வளவு வடிவான காராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இதுதான் என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரோட்ஸ்டர் என்றால் இரண்டு இருக்கை, மேலே துணிக் கூரை, மற்றபடி வெயிலும் காற்றும். பார்த்தவுடன் இது ஏதோ பணக்கார நாட்டுச் சாமான், நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றுதான் தோன்றும். பொனற்றைத் திறந்து பார்த்தால் கதை வேறு. 1958 மே மாதம் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொனற்றின் மேல் இரண்டு விளக்கும் துருத்திக்கொண்டு நிற்பதால் தவளைக்கண் என்று பெயரெடுத்த கார். வெளியில் கதவுக்குக் கைப்பிடி கிடையாது, பின்னால் டிக்கி மூடியும் கிடையாது, சாமான் வைக்க வேண்டுமென்றால் சீற்றுக்குப் பின்னால் கையை விட வேண்டும். உள்ளே இருக்கும் 948 சிசி எஞ்சின் எது தெரியுமா? நம் அப்பாமார் ஓடிய மொறிஸ் மைனரின் எஞ்சின். இரண்டு எஸ்.யு. கார்பரேட்டர் பூட்டி 43 குதிரைவலுவுக்கு ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டியரிங்கும் மைனருடையது. முன் சஸ்பென்சன் ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தது.

எம்.ஜி. கார்களும் அப்படித்தான். 1955இல் வந்த எம்.ஜி.ஏயின் 1489 சிசி எஞ்சினுக்கு அண்ணன் தம்பிகள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் இருந்தார்கள். 1962இலிருந்து 1980 வரை செய்த எம்.ஜி.பியின் 1798 சிசி எஞ்சினும் பி-சீரிஸ் என்ற அதே எஞ்சின் குடும்பம். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் பிடிக்கும் என்றால், அது டிரையம்ப் ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி அதன்மேல் கட்டியது. ஹெரால்ட் நம் நாட்டில் ஓடாத காரா?

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த ஒஸ்ரின் ஏ40களையும் கேம்பிரிட்ஜ்களையும் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்ரார்ட் எடுக்க மட்டும் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், சூடானதும் மண்ணெண்ணெய். அந்த எஞ்சின்கள் அதையும் தாங்கின. தாங்க வைத்தவர்கள் நம் கராஜ்காரர்கள். பிஸ்டன் வளையம் கிடைக்காத நாளில் வேறு எஞ்சினின் வளையத்தைத் தேய்த்துப் போட்ட கைகள் அவை. 90களில் இலங்கையில் செய்த மொறிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பிரிட்டிஷ் ரோட்ஸ்டரைக் காப்பாற்றும் அறிவு நம்மிடமே கிடக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் ஊரில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. இரண்டு கார்பரேட்டரையும் சமப்படுத்த அவர் கையில் எடுப்பது ஒரு துண்டு ரப்பர் குழாய். ஒரு முனையை ஒரு கார்பரேட்டரின் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைப்பார். காற்று இழுபடும் சீறலைக் கேட்பார். பிறகு அடுத்த கார்பரேட்டர். இரண்டு சீறலும் ஒரே சுருதிக்கு வரும்வரை திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவார். அப்புறம் மேலே உள்ள பித்தளை மூடியைக் கழற்றி, உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பார்ப்பார். அது வற்றியிருந்தால் அக்சிலேட்டரை மிதிக்கும்போது கார் இருமும். "காருக்கு ஒன்றுமில்லைத் தம்பி, ஒயில்தான் இல்லை" என்று சொல்லி நாலு சொட்டு விடுவார். அந்த இருமலுக்குப் புதுக் கார்பரேட்டர் வாங்கச் சொல்லி ஆயிரக்கணக்கில் காசு எழுதிக் கொடுத்த கராஜ்களும் இருக்கின்றன.

மெர்சிடிஸ் 190 எஸ்.எல். வடிவான கார்தான். 1955க்கும் 1963க்கும் இடையில் 25,881 மட்டும் செய்தார்கள். அல்ஃபா ரோமியோ ஸ்பைடரின் எஞ்சின் சத்தத்துக்கு நானும் மயங்குவேன். வொக்ஸ்வேகன் பீற்றில் எஞ்சின் தெரிந்தவன் போர்ஷே 356ஐயும் பார்த்துவிடுவான் என்று சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. இவற்றை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு சின்னப் பாகத்துக்கும் ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ எழுத வேண்டும், வந்த பாகத்தைப் பூட்டத் தெரிந்த ஆளைக் கொழும்பில் தேட வேண்டும். இடையில் கார் நிற்கும். திருகோணமலையில் நிற்கும் கார் கெடும் கார்.

ஏனென்றால் நம்மூர் மூன்று பக்கமும் கடல். பின்குடா, டச்சுக்குடா, உள்துறைமுகம். எந்தத் தெருவில் வீடு இருந்தாலும் உப்புக்காற்று வந்து சேரும். கச்சான் காற்று வீசும் காலத்தில் சூடு, வாடைக்காற்று தொடங்கினால் மழை. கூரையுள்ள காரில் பாரத்தின் ஒரு பங்கைக் கூரை தாங்கும். தனிச் சேசிஸ் இல்லாத ரோட்ஸ்டரில் அந்த வேலை பெரும்பாலும் கதவுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லுவரை ஓடும் பெட்டித் தகட்டுக்குத்தான். எம்.ஜி.பிக்கும் ஸ்பிரைட்டுக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். அந்தப் பெட்டித் தகடு உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது, மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ற் இருக்கும். தெரிந்த ஒருவர் அப்படியொரு காரைக் கொழும்புப் பக்கம் வாங்கி வந்தார். ஒரு மாரி தாண்டியதும் கதவுக்குக் கீழே பெயின்ற் குமிழ் குமிழாகக் கிளம்பியது. சுரண்டினால் விரல் மொத்தத்துக்கு ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டி, அதற்குள்ளே பத்திரிகைத் தாள். காசு கொடுத்து வாங்கிய மனிசன் அன்று நின்ற நிலையைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆகவே எஞ்சினைக் கேட்பதற்கு முன் தகட்டைப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவுக்குக் கீழே, சில்லுக்குப் பின்னால், முன்மட்காட்டின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, புட்டிதான் இருக்கிறது. கதவை மூடி, இடுக்கைக் கண்ணால் அளவெடுங்கள். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொங்கத் தொடங்கிவிட்டது. பிறகு பக்கவாட்டில் ஜக் வைத்துத் தூக்கி, தூக்கிய நிலையிலேயே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். எம்.ஜி.பி என்றால் சீற்றுக்குப் பின்னால் உள்ள பற்றரிப் பெட்டியையும் பாருங்கள், அமிலம் சிந்தி ஓட்டை விழுந்திருக்கும். ஸ்பிரைட் என்றால் பின்வில்லு உடம்புக்குள் போகிற இடம். 1967க்கு முந்திய எம்.ஜி.பிகளில் பற்றரியின் பிளஸ்தான் உடம்போடு எர்த். இது தெரியாமல் இன்றைய வழக்கப்படி மாற்றிக் கொடுத்து வயரிங்கைப் புகைய வைக்கிறவர்கள் உண்டு.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. எம்.ஜி.பியின் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988இலிருந்து புது உடலே அடித்து விற்கிறார்கள் இங்கிலாந்தில். பாகங்களுக்குப் பஞ்சமில்லாத கார் அது. எஞ்சின் சாமான் பலதும் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் மைனர், கேம்பிரிட்ஜ் பெயரிலேயே கிடைக்கும், கேட்கத் தெரிந்தால் போதும். ஈயம் இல்லாத பெற்றோல் மட்டும் நாட்டில் 2002இலிருந்து இருப்பதால், எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் நாளில் கடின வால்வு இருக்கைகள் போட்டுவிடுங்கள். பழைய எஞ்சின்களில் ஈயம்தான் அந்த இருக்கையைத் தேயாமல் காத்தது.

இனி விற்பவர்கள் சொல்லும் கதைகள். திருகோணமலையில் எந்தப் பழைய காரைப் பார்க்கப் போனாலும் "இது நேவி வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தது" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், விலையும் ஏறும். கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கைமாறிவிட்டது. எம்.ஜி.பி பிறந்ததே 1962இல். அந்தத் துரை எப்படி அந்தக் காரில் டொக்யார்ட் வீதியில் போயிருப்பார்? 1955, 56 எம்.ஜி.ஏ என்றால் சரி, நடந்திருக்கலாம், அதற்கும் காகிதம் வேண்டும். எம்.ஜி.க்கும் ஒஸ்ரின் ஹீலிக்கும் தொழிற்சாலைப் பதிவேடுகளை இங்கிலாந்தில் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் வைத்திருக்கிறது. சேசிஸ் நம்பரை அனுப்பிக் கட்டணம் கட்டினால் என்ன நிறத்தில், எந்த எஞ்சின் நம்பரோடு, எந்தச் சந்தைக்கு என்று சான்றிதழ் தருவார்கள். சேகரிப்புக்கு வாங்குகிறவர் அதை வாங்காமல் முற்பணமே கொடுக்கக் கூடாது.

உள்ளூர்க் காகிதத்தில் இன்னும் கவனம். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் உள்ளவையும் ஒன்றா? இடையில் யாராவது ஜப்பான் எஞ்சின் ஏற்றியிருந்தால் அதைப் பதிவில் மாற்றினார்களா? வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கை மாறிக் கை மாறி வந்த கார் என்றால், கடைசியாகப் பதிவில் உள்ள சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கார் வாங்குவதல்ல, வழக்கு வாங்குவது. லண்டனில் இருந்து காரையே அனுப்பிவிடலாம் என்று ஒரு மச்சான் கேட்டார். 2020இல் நின்ற இறக்குமதி 2025இல் திறந்ததுதான். ஆனால் பழைய வாகனத்துக்கு வயதுக் கட்டுப்பாடு இருக்கிற நாட்டில், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு சதமும் கட்ட வேண்டாம் என்று சொன்னேன்.

முதலீடு என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பி.எம்.டபிள்யூ 507 மொத்தமே 252. அது கோடிகளுக்குப் போகும், நமக்கு எட்டாது. எம்.ஜி.பி குடும்பமோ 5 இலட்சத்துக்கு மேல். எண்ணிக்கையை வைத்து அது ஒருநாளும் அபூர்வமாகாது. நம்மூரில் நேராக ஓடுகிற, துருவில்லாத, காகிதம் சுத்தமான எம்.ஜி.பிதான் அபூர்வம். அந்த அபூர்வத்தை உண்டாக்குவது பராமரிப்பு. காரைத் தறப்பாளால் மூடிக் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று தகட்டைத் தின்னும். காற்றோட்டமான கொட்டில், பருத்தித் துணி, உவரில்லாத தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுதல், பெட்டித் தகட்டுக்குள் மெழுகு ஒயில் அடித்தல். அப்புறம் ஓட வேண்டும். விடியப்புறம் நிலாவெளி வீதியில் போய் வாருங்கள், எஞ்சின் நன்றாகச் சூடாகி ஈரம் ஆவியாகட்டும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகிறதென்றால் பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிடுங்கள். அந்த வீதியில் யானை வரும், கூரையில்லாத காரில் அது விளையாட்டில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது கார்களைவிட அந்தக் கைகள். ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. கராஜில் நிற்கும் பெடியள் கம்ப்யூட்டர் பூட்டிப் பிழை பார்க்கத்தான் பழகுகிறார்கள், அவர்களில் குறையில்லை, வருகிற வாகனம் அப்படி. ரோட்ஸ்டர் வாங்கும் வசதி உள்ளவர்கள் வேலைக்குக் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். கார் கராஜில் நிற்கும்போது ஒரு இளம் பெடியனைப் பக்கத்தில் வைத்துப் பழக்கச் சொல்லி, அவனுக்கும் நாள் சம்பளம் கொடுங்கள். இலட்சக்கணக்கில் காருக்குக் கொடுப்பவருக்கு அது பெரிய காசில்லை.

பார்த்துச் சொல்லுங்கள் என்று இன்பொக்ஸில் கேட்கிறவர்கள் காரின் முன்பக்கப் படத்தை அனுப்ப வேண்டாம், அது எல்லாக் காரிலும் வடிவாகத்தான் இருக்கும். கதவு இடுக்கு, கதவுக்குக் கீழ்த்தகடு, சீற்றுக்குப் பின்னால், சேசிஸ் நம்பர், பதிவுப் புத்தகம், இந்த ஐந்தையும் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். பார்க்கப் போகும்போது மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய போக்குவரத்தும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. விற்கிறவர் ஜக் வைக்க விடமாட்டேன் என்றால் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.