காசைக் கொடுத்தால் படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்

ஒரு பிள்ளை தான் வரைந்த படத்தை விலை சொல்லி விற்கும்போது, காசை மட்டும் கையில் திணித்துவிட்டு, "படத்தை நீயே வைத்துக்கொள், கண்ணு" என்று நடையைக் கட்டுவதைப் பெருந்தன்மை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது பேரம் பேசுவதைவிட மோசமாகப்படுகிறது. பேரம் பேசுகிறவர் சரக்கையாவது கையில் எடுத்துப் பார்க்கிறார்.

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் நகரில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி, பத்து வயதிருக்கும், இந்த ஆகஸ்ட் விடுமுறையில் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் மேசை போட்டுப் படம் விற்கிறாள். நம் மேட்டுநிலத்துக் குளிர்காலத் தூறலுக்குப் பயந்து படங்களின்மேல் கண்ணாடித்தாள் விரித்திருக்கிறாள். எதை எடுத்தாலும் 50 ரூபாய். சுற்றுலாக் கடைகளில் தொங்கும் டோடோ பறவையும் தென்னை மரமும் அவளிடம் இல்லை. மெட்ரோ ரயில் இருக்கிறது, கோர் த கார்ட் மலை இருக்கிறது, காவடி சுமந்து மலையடிவாரக் கோயிலுக்கு நடக்கும் ஒருவர் இருக்கிறார். காவடிக்காரரின் வேட்டிக்கே அடர் ரோஜா நிறம் தீர்ந்துபோனதால், காவடிப் பூக்கள் அனைத்தும் பச்சையாகிவிட்டன. காவடிக்கு அதிக நேரம் பிடித்திருக்குமே, ஏன் ஒரே விலை என்று கேட்டேன். "அதற்கு மட்டும் விலை கூட்டினால், மெட்ரோ நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள், மிஸ்" என்று எங்கள் கிரியோல் மொழியில் விளக்கினாள்.

நான் நின்ற அந்தச் சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து, 30 ரூபாய்க்குத் தருவாயா என்று கேட்டார். முடியாது என்றாள். அவர் முகம் சுளித்தாலும், மலைப்படத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு 50 கொடுத்தே வாங்கினார். அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற பெரியவர். 100 ரூபாய் நோட்டை மேசையில் வைத்து, அவள் தலையைத் தடவிவிட்டு, எந்தப் படத்தையும் பாராமல் நடந்தார். அவள் ஒரு படத்தையும் மீதிக் காசையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். அவர் திரும்பாமலே கையசைத்து மறுத்துவிட்டார். திரும்பி வந்தவள் அந்த நோட்டைத் தன் தகரப் பெட்டியில் போடாமல், தனியாக ஒரு கல்லின் கீழே வைத்தாள். "அது விற்ற காசு இல்லை" என்றாள்.

(அந்த 100 ரூபாய் நோட்டில் இருக்கும் ரெங்கநாதன் சீனிவாசன் நம் தமிழர், இந்நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தவர். அவருடைய முகத்தைக் கல்லுக்கு அடியில் பார்க்க எனக்குச் சற்று வேடிக்கையாகவும் இருந்தது.)

பிள்ளை வரைந்ததுதானே என்ற நினைப்பில்தான் இதெல்லாம் நடக்கிறது. நம் கவிஞர் மால்கம் தெ ஷாஸால் வளர்ந்த மனிதராகியும், பிள்ளைகள் தீட்டுவது போன்ற எளிய உருவங்களும் பளிச்சென்ற வண்ணங்களுமாகவே ஓவியம் வரைந்தார். அவற்றின் முன்னால் நின்று யாரும் தலையைத் தடவுவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து நம் ஆட்களை இத்தீவுக்கு வரவழைத்ததும் கொத்து, தச்சு போன்ற கைத்திறனுக்காகத்தான் என்பதை மேடைகளில் பெருமையாகப் பேசுகிற நாம், கைவேலைக்கு விலை சொல்கிற ஒரு பிள்ளையைக் கண்டதும் ஏன் தர்மம் செய்யக் கிளம்புகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

இந்த வயதிலேயே பிள்ளையைக் காசுக்குப் பழக்குகிறார்களே என்று தெருவில் ஒரு முணுமுணுப்பும் இருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதை 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் தடுக்கிறது. அது மிகவும் தேவையான தடை. போக்குவரத்து விளக்குச் சந்திப்பில் யாரோ ஏவிவிட்டதால் பொருள் விற்கும் பிள்ளையைப் பற்றி நான் பேசவில்லை. இங்கே தாய் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மேசை போடலாமா, எப்போது மடிக்கலாம் என்பதெல்லாம் சிறுமியின் முடிவு. முணுமுணுப்பவர்களில் சிலர், பள்ளி விட்டதும் நேராகத் தனிவகுப்புக்குப் பிள்ளையை அனுப்பி, ஒவ்வொரு பாடத்துக்கும் மாதாமாதம் கட்டும் காசைப் பிள்ளையின் காதுபடவே கணக்கிடுகிறவர்கள். அந்தக் காசுப் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

படம் பிடிக்காவிட்டால் வாங்க வேண்டாம். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டே போகலாம், அவள் தாங்கிக்கொள்வாள். ரயிலின் சக்கரங்கள் தண்டவாளத்துக்கு மேலே மிதக்கின்றன என்று நான் சொன்னபோது, வேகமாகப் போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று வாதாடினாள். எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை, ஆனால் அந்த ரயிலின் ஜன்னல்களில் ஒவ்வொரு முகமும் வெவ்வேறாக இருந்தது. அதற்காகவே வாங்கினேன்.

காவடிப் படம் நேற்றுவரை விற்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் 50 ரூபாயைச் சரியாகக் கொண்டுபோங்கள், அவளிடம் சில்லறை குறைவு.